படகு வரும் நேரம்: நெடுந்தீவு நாட்குறிப்பு

வியாழன்: குறிகட்டுவானிலிருந்து மாவிலிக்கு

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு என்று தீவுகளினூடாகவே குறிகட்டுவான் வரையில் பேருந்தில் வந்துவிடலாம். வழி நெடுக இருபுறமும் ஆழமில்லாத கடல். முழங்காலளவு நீரில் நின்று வலை இழுப்பவர்களும், களங்கண்டி வலைகளின் தடிகளும், அத்தடிகளின் மேல் இடம்பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும் நீர்க்காகங்களும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரியும். குறிகட்டுவான் இறங்குதுறையில் தார்வீதி முடிந்துவிடுகிறது. அங்கே காத்து நிற்கும் இருவகைப் பயணிகளை அவர்களுடைய சாமான்களைக் கொண்டே பிரித்தறியலாம்: நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் போகிறவர்கள் பூவும் பழமும் பட்டுச்சேலையுமாக நிற்பார்கள், நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் ஒரு வீட்டை நடத்தத் தேவையான அத்தனையையும் தம்மைச் சுற்றி அடுக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

காலைப் படகில் பொருள்கள் ஏறுவதைக் கரையில் நின்று ஆறுதலாகப் பார்த்தேன். முதலில் சீமெந்துப் பைகளும் அரிசி மூட்டைகளும் எரிவாயுச் சிலிண்டர்களும் இறங்கின, அவற்றின் மேல் மரக்கறிக் கூடைகளும் சோடாப் பெட்டிகளும், பிறகு ஆட்கள், ஆட்களின் மடிகளில் கடைசியாக, நசுங்கக் கூடாதவை எல்லாம். பாண் பெட்டி, முட்டைத் தட்டு, ஒரு பிறந்தநாள் கேக், யன்னலுக்கென்று அளந்து வெட்டிய சதுரக் கண்ணாடி ஒன்று. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி, “தம்பி, இந்த முட்டையை ஒருக்கால் பிடிச்சுக்கொள்ளுங்கோ, என்ரை கையிலை கேக் இருக்கு” என்று தட்டை என் மடியில் வைத்தார். முட்டையும் கேக்கும் இரண்டுமே அவருடையவை அல்ல என்பது போகப்போகத்தான் தெரிந்தது. கேக் அவருடைய அயல்வீட்டுப் பிள்ளைக்கு. முட்டை தீவிலுள்ள ஒரு கடைக்கு. அந்தப் படகில் தம்முடைய பொருளை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் இருக்கவில்லை. இந்த ஏற்பாட்டுக்குப் பதிவேடும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. நெடுந்தீவின் மாவிலித் துறையில் இறங்கியதும் கடைக்காரர் வந்து கையை நீட்டி வாங்கி, எண்ணிப் பாராமலே சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். இவ்வளவு இயல்பாக ஊர் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

கடப்பதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகும். 2017ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் உதவியோடு ‘நெடுந்தாரகை’ என்ற படகு சேவைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்தே ‘வடதாரகை’ ஓடியது. இவை எல்லாவற்றுக்கும் மூத்தது ‘குமுதினி’. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த குமுதினியில், பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மாவிலித் துறையருகில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்கள். இந்த ஊரில் படகைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள், ஆனால் அந்த நாளை அறியாத பிள்ளையும் இங்கே இல்லை. எனவே அதைச் சொல்லாமல் நான் மேலே எழுத முடியாது.

இந்தத் தீவுகளுக்கெல்லாம் ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன் ஆனது, அனலைதீவு றொட்டர்டாம் ஆனது, எழுவைதீவு ஹூர்ண் ஆனது. அவை எல்லாம் ஏட்டோடு போயின. நெடுந்தீவுக்கு இட்ட ‘டெல்ஃப்ட்’ மட்டும் அரச கடிதத் தலைப்பிலும் பெயர்ப்பலகையிலும் இன்றும் இருக்கிறது. ஊரவர்கள் பேச்சில் நெடுந்தீவுதான். சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்பு. அதில் ஏறத்தாழ நாலாயிரம் பேர். நெரிசல் என்பது படகில் மட்டுந்தான்.

வெள்ளி: கல்வேலிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேலி என்றால் கதியாலும் கிடுகும், அல்லது பனையோலை. இங்கே வேலி என்றால் கல். முருகைக்கல் என்று நாங்கள் சொல்லும் பவளப்பாறைத் துண்டுகளை, சாந்தோ சீமெந்தோ இல்லாமல், நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். வளவைச் சுற்றிக் கல்வேலி, வயலைச் சுற்றிக் கல்வேலி, கோவிலைச் சுற்றிக் கல்வேலி, யாருமே குடியிராத வெறுங்காணியைச் சுற்றியும் கல்வேலி. ஒழுங்கைகளில் சைக்கிளில் போகும்போது இருபுறமும் சாம்பல் நிறத்தில் அவை கூடவே ஓடி வருகின்றன. அவற்றின் மேல் ஓணான்கள் வெயில் காய்கின்றன. இடைவெளிகளில் பிரண்டையும் குறிஞ்சாவும் படர்ந்து கிடக்கின்றன.

காலையில் ஒரு பெரியவர் தம் வளவு வேலியின் சரிந்த பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முதலில் விழுந்த கற்களை எல்லாம் மூன்று குவியலாகப் பிரித்தார்: பெரியவை, கையளவு உள்ளவை, சல்லி. பெரிய கற்களை இரண்டு வரிசையாக, ஒரு முழ இடைவெளி விட்டு, தட்டையான முகம் வெளியே தெரியும்படி நிலத்தில் இருத்தினார். நடுவில் சல்லியை இட்டு நிரப்பினார். அடுத்த வரிக்கு எடுத்த கல்லை உடனே வைத்துவிடவில்லை. கையில் வைத்தே இரண்டு தடவை புரட்டிப் பார்த்து, கீழே உள்ள இரண்டு கற்களின் பொருத்து எங்கே வருகிறதோ அதன் மேல் இதன் நடுப்பகுதி வரும்படி வைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஆட்டிப் பார்த்தார். ஆடினால் எடுத்து மறுபடி புரட்டினார். உயரம் ஏற ஏற இரண்டு வரிசைகளும் உட்புறமாகச் சாய்ந்து நெருங்கி, உச்சியில் ஒரு கல் அகலத்தில் சேர்ந்துகொண்டன. எந்தக் கல்லையும் அவர் உடைக்கவோ செதுக்கவோ இல்லை.

“ஓட்டை ஓட்டையாய் இருக்குதே ஐயா, காத்துக்கு விழாதோ?” என்று கேட்டேன். “ஓட்டை இருக்கிறபடியால்தானே நிக்குது. காத்து அதுக்குள்ளாலை போயிடும். அடைச்சுக் கட்டின மதில் எத்தினை சோளகத்துக்கு நிண்டது சொல்லுங்கோ பாப்பம்” என்றார். வேலி தானாக விழுவதில்லை என்றும், மாடுகள் உடம்பு உரஞ்சுவதாலும், கடப்பு வரையில் நடந்து போகச் சோம்பல்படும் பொடியன்கள் ஏறிக் குதிப்பதாலுந்தான் சரிகிறது என்றும் விளக்கம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவ்வழியே போன இரண்டு பொடியன்களை அவர் பார்த்த பார்வையில் விசாரணை, தீர்ப்பு இரண்டும் அடங்கியிருந்தன.

இந்த வேலிகள் எதற்காக இவ்வளவு என்ற கேள்விக்கு நிலமே விடை சொல்கிறது. இங்கே மண் மெல்லிய படைதான். ஒரு சாண் தோண்டினால் கல் முட்டும். தோட்டம் செய்ய வேண்டுமானால் கல்லைப் பொறுக்க வேண்டும், பொறுக்கிய கல்லை எங்காவது வைக்க வேண்டும், எல்லையில் வைத்தால் அது வேலி. ஆகவே தோட்டமும் வேலியும் ஒரே உழைப்பில் பிறக்கின்றன. வேலிக்கு உள்ளே காற்றும் உவர்த்தூவலும் குறைய, கத்தரியும் மிளகாயும் பிழைத்துக்கொள்கின்றன. வேலி கட்டுவதில் இவ்வளவு கைத்திறன் இருக்க, அதைக் கற்றுக்கொள்ளும் இளையவர்கள் குறைந்து வருவது எனக்குப் பெருங்கவலையாக இருக்கிறது. முட்கம்பி படகில் சுலபமாக வந்துவிடுகிறது.

அதே முருகைக்கல்லால்தான் கோட்டையும் கட்டப்பட்டிருக்கிறது. வைத்தியசாலைக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி, மேற்தளம் இடிந்து நிற்கும் அந்தக் கட்டடத்தைப் போர்த்துக்கேயர் தொடங்க ஒல்லாந்தர் கையேற்றதாகச் சொல்வார்கள். ஊர் வழக்கில் அது மீகாமன் கோட்டை. தீவின் மேற்குப் பக்கத்தில் கற்குவியல்களாகக் கிடக்கும் மற்றொன்றுக்கு வெடியரசன் கோட்டை என்று பெயர். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனை வெடியரசன் கடலில் மறித்துப் போரிட்டான் என்பது கதை. கதையில் சண்டையிட்ட இருவருக்கும் ஒரே தீவில் ஆளுக்கொரு கோட்டை கொடுத்து ஊர் இருவரையும் சமமாக வைத்திருக்கிறது. புறாக் கோபுரத்தையும் பார்த்தேன். தூதுப் புறாக்கள் தங்குவதற்காகச் சதுரச் சதுரமாக விட்ட பொந்துகள் வரிசை குலையாமல் இருக்கின்றன. படகை முந்திக்கொண்டு கடல் கடந்து சேதி போய்வந்த வழி அது.

பெருக்கு மரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆபிரிக்க மரம், அராபிய வணிகர்கள் கொண்டுவந்ததாகக் கருதுகிறார்கள். அடிமரம் கோறையாகி ஆள் நுழையும் அளவுக்கு இடமிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு வகுப்பாக உள்ளே போய், எத்தனை பேர் கொள்வார்கள் என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இடம் கிடைக்கவில்லை.

சனி: தென்புலத்துக் குதிரைகள்

தீவின் தெற்கும் மேற்கும் மரமற்ற புல்வெளி. மாரி மழை முடிந்து கொஞ்ச நாளே ஆனதால் புல் பச்சையாக இருக்கிறது; பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கிறது; ஈச்சம் பற்றைகளுக்கு இடையில் ஆட்காட்டிக் குருவிகள், வருகிற ஒவ்வொருவரையும் பற்றி ஊருக்கு அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. சாலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியில் நின்றபடி, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

குதிரைகள் நீர்ப்பள்ளம் ஒன்றின் அருகில் நின்றன. கட்டையான உடல், மண்ணிறமும் செம்மண்ணிறமும், நெற்றியில் விழும் குடுமி. போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் பெருக்கினார்கள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவை நிர்வகித்த நோலன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவற்றை முறையாக இனப்பெருக்கம் செய்வித்தார். ஆட்சிகள் போன பிறகு குதிரைகள் கட்டவிழ்ந்து தம்பாட்டில் வாழத் தொடங்கிவிட்டன. ஒரு கூட்டத்துக்கு ஓர் ஆண், சில பெட்டைகள், குட்டிகள். நாங்கள் இறங்கியதும் ஆண்குதிரை மட்டும் தலையை உயர்த்தி, காதுகளை முன்னே தள்ளி, எங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து குறுக்காக நின்றது. நாங்கள் அசையாமல் இருந்ததும் சற்று நேரத்தில் அதுவும் புல்லுக்குக் குனிந்தது. ஆனால் ஒரு காதை எங்கள் பக்கமே திருப்பி வைத்திருந்தது. பிறந்து அதிக நாளாகாத குட்டியொன்று, முன்கால்கள் நீளமாகவும் கழுத்து குட்டையாகவும் இருந்தபடியால் புல்லை எட்ட முடியாமல், கால்களை அகல விரித்து, பிறகு இன்னும் அகல விரித்து, கடைசியில் ஒரு முழங்காலை மடித்து எட்டிவிட்டது. தாய் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

2015ஆம் ஆண்டில் இந்தப் பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. குதிரைகளைத் தீவுக்கு வெளியே கொண்டுபோகத் தடையும் உண்டு. ஆனால் பிரகடனத்தால் தாகம் தீராது. ஆடி, ஆவணியில் இந்தப் பள்ளங்கள் வெடித்துக் காய்ந்துபோகும். அப்போது குதிரைகள் தண்ணீர் தேடிக் குடிமனைகளின் பக்கம் வரும். கடும் வறட்சியான ஆண்டுகளில் செத்து விழும். லாண்ட்மாஸ்டர் ஓட்டி வந்த தம்பி, அவ்வாறான நாட்களில் ஊரவர்கள் தொட்டிகளில் தண்ணீர் வார்த்து வைப்பதைச் சொன்னார். அவர்களுக்கே தண்ணீர் தாராளமாக இருப்பதில்லை. தீவின் கிணறுகள் பெரும்பாலும் உவர். சாராப்பிட்டி போன்ற ஒருசில இடங்களின் நன்னீரைத்தான் நெடுங்காலமாக நம்பியிருந்தார்கள். தமக்கு அளந்து கிடைக்கும் நீரில் ஒரு பங்கைக் காட்டில் திரியும் குதிரைக்கு ஒதுக்குகிற இந்த ஊரவர்களுக்கு, கோடை தொடங்கு முன்னரே தொட்டிகளைக் கட்டி நிரப்பித் தரவேண்டியது பூங்காவை அறிவித்தவர்களின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

ஞாயிறு: ஒடியலும் காற்றும்

காலை தேவாலய மணி, சற்றுப் பிந்திக் கோவில் மணி, அதற்குப் பிறகு ஊர் முழுவதும் அமைதி. படகுச் சேவை குறைந்த நாள் ஆதலால் யாரும் எதற்கும் அவசரப்படவில்லை.

நான் தங்கியிருக்கும் வீட்டு அக்கா முற்றத்தில் பாய் விரித்து ஒடியல் காய வைத்திருக்கிறார். பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கி விட்டால், மாரி முடிய அது நிலத்துக்குள் கிழங்காக இறங்கியிருக்கும். கிண்டி எடுத்து, தோல் உரித்து, நெடுக்காக இரண்டாகக் கிழித்து, பச்சையாகவே காய வைத்தால் ஒடியல். அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். அவர் ஒரு கையால் கிழங்கைப் பிடித்து, கத்தியை நுனியில் சற்றே செருகி, மற்றக் கையால் ஒரு முறுக்கு முறுக்கினார். கிழங்கு அடிவரை ஒரே கோட்டில் பிளந்தது. நான் செய்து பார்க்கக் கேட்டபோது, “பாக்கலாம், முதல்லை காகத்தைப் பாருங்கோ” என்று ஒரு தடியைத் தந்து பாயருகில் இருத்திவிட்டார். நெடுந்தீவுக் காகங்களுக்கு ஒடியலில் உண்மையில் பெரிய விருப்பம் கிடையாது. ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு போய் வேலியில் வைத்து ஆராய்ந்துவிட்டு, அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்கு வருகின்றன.

மத்தியானம் கூழ். ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரை வடித்துக் கசப்பைப் போக்கினார்கள். பெரிய பானையில் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் வெந்துகொண்டிருக்க, மீன் தலை, நண்டு, இறால் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி, கரைத்த மா. இறக்கும்போது ஒரு கை முருங்கையிலை. பலாக்கொட்டை ஒன்றைத் தவிர எல்லாம் இந்தத் தீவிலும் இதைச் சுற்றியுள்ள கடலிலும் விளைந்தவை என்று அக்கா பெருமையோடு சொன்னார். பலாக்கொட்டை படகில் வந்தது. பனையோலைப் பிளாவில் ஊற்றி, வட்டமாக இருந்து குடித்தோம். மூக்கில் நீர் வடியக் குடிக்காத கூழ் கூழல்ல என்று அயல்வீட்டு மாமா தீர்மானமாகச் சொன்னார். அந்தத் தகுதியை நான் முதல் பிளாவிலேயே அடைந்துவிட்டேன்.

கூழுக்குப் பிறகு பேச்சு முழுவதும் காற்று. ஐப்பசியிலிருந்து தை வரையில் வாடை, அது முறிந்ததும் கொண்டல், வைகாசியில் சோளகம் எழும்பினால் புரட்டாதி வரையில் விடாது, இடையிடையே கச்சான். எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் வலை போடுவது, எந்தக் காற்று சாதாழை என்ற கடற்தாவரத்தைக் கரையில் கொண்டுவந்து குவிக்கும், குவிந்ததைத் தோட்டத்துக்குப் பசளையாக எப்போது அள்ளுவது, எந்தக் காற்றில் படகு ஓடாது, அப்போது ஊரில் முதலில் தீர்ந்துபோகிற பொருள் எது என்று எல்லாவற்றையும் அவர்கள் காற்றை வைத்தே சொல்கிறார்கள். முதலில் தீர்வது பாண் என்று சிறுவர்களும், வெற்றிலை என்று பெரியவர்களும் சொன்னார்கள். இதில் நெடுநேரம் உடன்பாடு ஏற்படவில்லை.

திங்கள்: கச்சதீவுக்கு ஆயத்தம்

காலைப் படகில் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் வந்து இறங்கினார்கள். குடாநாட்டிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, பேருந்தும் படகும் மாறி வந்து, பின்னேரப் படகில் திரும்பிப் போகிறவர்கள் பலர். பாடசாலையின் முதல் மணி கடிகாரத்துக்கு அடுத்தபடியாகக் கடலையும் பார்த்துத்தான் அடிக்கிறது. இறங்குதுறையில் சாரதிகளும் மாணவர்களும் தங்கள் ஆசிரியர்களுக்காகக் காத்து நின்று சைக்கிளிலும் முச்சக்கரவண்டியிலும் கூட்டிப் போனார்கள். கணித ஆசிரியை ஒருவரை மூன்று பிள்ளைகள் வரவேற்றுப் புத்தகப்பையை வாங்கிக்கொண்டதைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் கிராம அலுவலர் பிரிவுகளை எண்ணத் தொடங்கினால், ஜே/1 என்ற இலக்கம் விழுவது இந்தத் தீவில்தான். பட்டியலில் முதலாவதாக இருக்கும் ஊருக்கு வைத்தியரும் ஆசிரியரும் குடிநீரும் கடைசியாக வந்து சேர்வது நியாயமில்லை.

இந்த வாரம் ஊரில் எங்கே போனாலும் கச்சதீவுப் பேச்சு. நெடுந்தீவுக்குத் தென்மேற்கே கடலில், நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் நிர்வாகத்தில் இருக்கும் அந்தச் சிறு தீவில் குடிமக்களும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. புனித அந்தோனியார் ஆலயம் மட்டும் இருக்கிறது. கச்சதீவு இலங்கைக்கு உரியதென்று இந்தியா ஏற்ற 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தத்துக்குப் பின்னரும் இராமேஸ்வரம் பக்கத்து மீனவர்களும் இந்தப் பக்கத்து மீனவர்களும் ஒன்றாகக் கூடுகிற இரண்டு நாள் திருவிழா, மாசி பங்குனியை ஒட்டி வரும். 2016ஆம் ஆண்டில் புதிய ஆலயமும் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வருவார்கள்; அவர்களுக்குத் தண்ணீர், உணவு, கழிப்பிடம், வெளிச்சம், முதலுதவி எல்லாம் கடல் வழியாகவே போக வேண்டும். ஆண்டு முழுவதும் மற்றவர்களின் படகை எதிர்பார்த்திருக்கும் நெடுந்தீவார், இந்த இரண்டு நாட்களுக்கு மட்டும் மற்றவர்களுக்காகப் படகு ஏற்றுகிறவர்களாகிவிடுகிறார்கள். அதில் அவர்களுக்கு இருக்கும் உற்சாகத்தை முகத்திலேயே காணலாம்.

அக்கா வீட்டில் இரவு முழுவதும் கணக்குத்தான். வள்ளத்தில் யார் யார், புழுக்கொடியல் எத்தனை பொதி, அந்தக் கரையிலிருந்து வரும் சிநேகிதக் குடும்பத்துக்குக் கொடுக்க, பனங்களியைக் காய வைத்துச் செய்த பனாட்டு எவ்வளவு, அவர்கள் கொண்டுவரும் சேலைக்கு என்ன நிறம் சொல்லிவிட்டது, அது நினைவில் இருக்குமா என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். சின்ன மகள் மட்டும் கடல் கொந்தளித்தால் என்ன செய்வது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த பாட்டனார் ஊசியை நிறுத்தாமலே பதில் சொன்னார்: “வாடை முறிஞ்சு போச்சு பிள்ளை. திருநாள் முடியுமட்டும் கடல் எழும்பாது. நீ போய்ச் சட்டி பானையைக் கட்டு.”